ஒரு போட்டோ, ஒரு நடராஜர்

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை 2008ல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. கூடவே வந்த காகிதங்கள், சிலை 1971க்கு முன்பே இந்தியாவில் விற்கப்பட்டு வெளியே போய்விட்டதாகச் சொல்லின. ஏன் அந்த வருஷம்? தொல்பொருள் ஏற்றுமதியை இறுக்கிய சட்டம் 1972ல் வந்தது. அதற்கு முன்னாடி போனதென்றால் கேள்வி குறைவு.

இந்தக் கதையை உடைத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒரு போட்டோ. 1994ல் எடுத்தது. அதில் இதே நடராஜர் கோயிலுக்குள்ளேயே இருக்கிறார்! 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது.

நினைவுச்சின்னங்கள், தொல்பொருட்களுக்கான தேசிய இயக்கத்தை மத்திய அரசு தொடங்கியது 2007ல்தான். நாடு முழுக்க உள்ளவற்றைப் பதிவுசெய்து ஒரே தரவுத்தளமாக்குவது அதன் வேலை. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் "உலோகச் சிலை, நடராஜர், ஒன்று" என்று மட்டும் எழுதிவைத்தால் எந்த நடராஜர் என்று எப்படி நிரூபிப்பது? போட்டோவும் தேதியும் வேண்டும். திருட்டுக்கு அப்புறம் அந்தப் பதிவை உருவாக்க முடியாது. உங்க ஊர்க் கோயில் சிலைக்கு அப்படி ஒன்று இருக்கிறதா? கேட்டுப் பாருங்கள்.