விற்ற பின்னும் விதிக்கும் உரிமை

நூலொன்றை விலை கொடுத்து வாங்கியவர் அதனை இரவல் தரலாம். பழைய புத்தகக் கடையில் விற்கலாம். தம் மக்களுக்கு விட்டுச் செல்லலாம். மின்னூல்களுக்கோ இவ்வுரிமைகள் பெரும்பாலும் இல்லை. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்னும் பொத்தானை அழுத்துமுன் நாம் படியாது கடக்கும் நெடிய நிபந்தனைகளிலேதான் இவ்வேறுபாடு உறைகிறது. அந்நிபந்தனைகளின் வரலாறு கணினிக்கு முற்பட்டது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

1904-இல் அமெரிக்காவின் பாப்ஸ்-மெரில் பதிப்பகம் ‘தி காஸ்ட்அவே’ என்னும் புதினத்தை வெளியிட்டது. அதன் பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் ஓர் அறிவிப்பு இருந்தது. விலை ஒரு டாலர். குறைத்து விற்க எவருக்கும் உரிமமில்லை. மீறின், அது பதிப்புரிமை மீறலாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். நியூயார்க்கில் மேசி பேரங்காடியை நடத்திய ஸ்ட்ராஸ் சகோதரர்கள் அந்நூலை 89 சென்டுக்கு விற்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிப்புரிமைச் சட்டம் தரும் விற்பனையுரிமை முதல் விற்பனையோடு தீர்ந்துவிடுகிறது என்றும், ஒப்பந்தம் ஏதுமின்றி வெறும் அறிவிப்பொன்றால் பின்வருவோரைக் கட்டுப்படுத்த இயலாது என்றும் 1908-இல் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டே இக்கொள்கை அந்நாட்டுச் சட்டத்திலும் ஏறியது.

தோற்றுப்போன அறிவிப்பு மென்பொருள் வணிகத்தில் வேறு வடிவில் மீண்டும் வந்தது. விற்பனையால் உரிமை தீருமெனின், விற்காமலே இருந்துவிடலாமே! ‘யாம் விற்கவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தருகிறோம்’ என்று நிறுவனங்கள் எழுதலாயின. உறையைப் பிரித்தாலே உடன்பாடு என்னும் வழக்கமும் தோன்றியது. தொலைபேசி எண்களைத் தொகுத்து விற்ற புரோசிடி நிறுவனத்தின் வழக்கில், 1996-இல், நீதிபதி ஈஸ்டர்புரூக் இதனை ஏற்றார். பெட்டியினுள் இருந்த நிபந்தனைகளைப் படித்து, உடன்படாவிடில் திருப்பித்தர வாய்ப்பிருந்தது. ஆதலின் அவை வாங்கியவரைக் கட்டுப்படுத்தும் என்றார்.

இதற்கோர் எல்லையும் பிறந்தது. 2002-இல் நெட்ஸ்கேப் வழக்கில், பதிவிறக்கப் பொத்தானுக்குக் கீழே, திரையை நகர்த்தினாலன்றிக் கண்ணிற்படாத நிபந்தனைகள் செல்லா என நீதிமன்றம் கூறியது. தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் உச்ச நீதிமன்றம் சென்ற சோனியா சோட்டோமேயர். என்ன எழுதப்பட்டது என்பதோடு, எங்கே எழுதப்பட்டது என்பதும் அன்று வினாவாயிற்று.

2009 ஜூலையில் அமேசான், உரிமையற்றவர் ஏற்றிய பதிப்புகள் என்று காரணங்காட்டி, ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகியவற்றை வாசகர்களின் கிண்டில் கருவிகளினின்றும் நீக்கியது. பணம் திரும்பியது, நூல் போயிற்று. நூற்படியை நிலையாக வைத்திருக்கும் உரிமையை அந்நிறுவனத்தின் அன்றைய நிபந்தனைகளே அளித்திருந்தன என்பதை ஈண்டு நினைத்தல் வேண்டும். தலைவர் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூற்கடையை மூடியபோதும் இதுவே நிகழ்ந்தது: பணம் திரும்பியது, நூல்கள் மறைந்தன.

சட்டமும் மெல்ல விழித்தது. தானே புதுப்பிக்கப்படும் சந்தாக்களின் முதன்மை நிபந்தனைகளைக் கட்டண விவரம் பெறுமுன் தெளிவுறக் காட்டவும், அவற்றை நிறுத்த எளிய வழி தரவும் 2010-இல் அமெரிக்கச் சட்டம் பணித்தது. 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டமோ ஒரு சொல்லையே பற்றியது. தருவது நீக்கத்தக்க உரிமமாயின், அதனைத் தெளிவாகச் சொல்லாது ‘வாங்கு’ என்று எழுதலாகாது என்றது. சந்தாவுக்கும், நிலையாக இறக்கி வைத்துக்கொள்ளத்தக்க பொருளுக்கும் இதினின்று விலக்குண்டு.

நம்மிடையேயும் மின்னூல் விற்போரும் இணைய இதழ்களுக்குச் சந்தா பெறுவோரும் பெருகியுள்ளனர். பிறர் எழுதிய நிபந்தனைகளை நகலெடுத்து ஒட்டுமுன் அவர்கள் சிலவற்றைத் தாமே தீர்மானித்தல் நன்று. தருவது பொருளா, உரிமமா? கடை மூடினால் வாசகரிடம் எஞ்சுவது யாது? சந்தாவை நிறுத்துவது எவ்வாறு? பணம் எப்போது திரும்பும்? இவற்றிற்கான விடைகளை நாலு வரித் தமிழில், பணம் செலுத்தும் பொத்தானுக்கு மேலேயே எழுதிவிடலாம். சொல்லின் பொருளறிந்து வாழும் நாம், ‘வாங்கு’ என்னும் சொல்லுக்கேனும் அதன் பொருளை மீட்டுத்தருவது கடனன்றோ?