பழையாற்று வண்டல் எங்கே போச்சு?



தஞ்சாவூர்ப் பக்கம் போய் வந்தவர்கள், "அது டெல்டா பூமி, போட்டதெல்லாம் விளையும்" என்று சொல்வார்கள். காவிரி கடலுக்குப் போகுமுன் பல கிளையாகப் பிரிந்து, கொண்டு வந்த மண்ணை விசிறி மாதிரிப் பரப்பி உண்டாக்கிய நிலம் அது. நம்ம பழையாறும் மலைமண்ணைக் கொண்டுதானே வருகிறது? மணக்குடியில் ஏன் ஒரு டெல்டா இல்லை?

தண்ணீருக்கு வேகம் இருக்கும் வரைதான் மண்ணைச் சுமக்கும். வேகம் குறையக் குறைய சுமையை இறக்கிக்கொண்டே போகும். முதலில் கல்லும் சரளும் இறங்கும், அடுத்து மணல், கடைசியில் மாவு போன்ற வண்டல். களிமண்ணோ உப்புத் தண்ணீர் பட்டதும் திரண்டு அடியில் படியும்.

காவிரி சுமார் 800 கிலோமீட்டர் ஓடி வருகிறது. அதன் சுமை பெரிது. பழையாறு சிறிய ஆறு, அதன் சுமையும் சிறிது. அதோடு, நம்ம கடல் சும்மா இருப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் அலைகள் மணலைக் கரையோரமாகத் தள்ளி வந்து ஆற்று வாயில் மேடு போட்டுவிடும். அதைத்தான் பொழி என்கிறோம். டெல்டா வளர அங்கே இடமில்லை.

அப்படியானால் வண்டல் எங்கே போச்சு? வழியிலேயே நின்றுவிட்டது. நம்ம முன்னோர் பறளையாற்றில் பாண்டியன் அணை கட்டி, கால் வெட்டி, தண்ணீரைப் பழையாற்றுப் பக்கம் திருப்பினார்கள். ஆற்றில் தடுப்பணைகள் போட்டு குளம் குளமாக நிரப்பினார்கள். நம்ம மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு. தண்ணீர் குளத்தில் நின்றதும் வண்டல் அடியில் தங்கியது. நாஞ்சில் நாட்டு டெல்டா கடலோரத்தில் இல்லை, குளத்துக்குள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு திருவிதாங்கூர் அரசு 1897-இல் தொடங்கி, 1906-இல் பேச்சிப்பாறை அணையை முடித்தது. வேலையை நடத்தியவர் மிஞ்சின் என்ற என்ஜினீயர். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டுக்கும் அது பெரிய பலம். ஆனால் எந்த அணையும் தண்ணீரோடு மண்ணையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எகிப்தில் 1970-இல் அஸ்வான் பெரிய அணை முடிந்தபின் நைல் ஆற்று வண்டல் வயலுக்கு வருவது நின்றது. விவசாயி உரத்தையே நம்ப வேண்டியதாயிற்று, கடற்கரையும் அரிக்கத் தொடங்கியது.

மண்ணைக் கவனிக்காவிட்டால் ஆறே திசை மாறும். 1830-களில் காவிரி தலைப்பில் மணல் மேடிட்டு, தண்ணீர் பெரும்பாலும் கொள்ளிடத்துக்கே போனது. தஞ்சை வயல்கள் காயும் நிலை. ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டித்தான் காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது.

இப்போது நம்ம கணக்கைப் பாருங்கள். பத்து ஏக்கர் குளத்தில் ஓரடி வண்டல் ஏறினால், பத்து ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கிற தண்ணீர் போச்சு. கும்பப்பூ கதிர் வாங்குகிற நேரத்தில் ஒரு தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை கொட்டினாலோ, தூர்ந்த குளம் சீக்கிரம் நிறைந்து மறுகால் பாய்ந்துவிடும். 2021 நவம்பர் மழையில் நம்ம வயல்கள் முழுகியதைப் பார்த்தோமே!

முன்பெல்லாம் குளம் வற்றியதும் ஊரே கூடி வண்டலை வெட்டி, வண்டியில் ஏற்றி வயலிலும் தென்னந்தோப்பிலும் போடும். மணற்பாங்கான நிலத்தில் ஈரம் நிற்கும். குளமும் ஆழமாகும். ரசாயன உரம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்தப் பழக்கம் தளர்ந்தது, குளம் மேடானது.

மறுபடி தொடங்குங்கள். முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு வெட்டுங்கள். வண்டல் படிந்த மட்டத்துக்கு மேல் ஆழமாகப் போகாதீர்கள். கரையின் அடியிலும் மடைப் பக்கத்திலும் மண்வெட்டி வைக்காதீர்கள். கரை பலம் இழந்துவிடும்.

மலை கொடுத்த மண் குளத்தில் கிடந்தால் பாரம், வயலுக்கு வந்தால் உரம். இந்தக் கோடையில் உங்கள் ஊர்க் குளத்தில் இறங்கி, எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று ஒரு கம்பு ஊன்றிப் பாருங்கள்.