நிழல், சுவர், மீட்டர்: நியூயார்க் வணிகக் கோபுரங்களின் எரிசக்தி வரலாறு

நியூயார்க் நகரம் வெளியேற்றும் பசுங்குடில் வாயுக்களுக்கு வாகனப் புகையே முதற்காரணம் என்று எண்ணுவது இயல்பு. 2007இல், மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில் வெளியான ‘பிளான்ஒய்சி’ அறிக்கை வேறொரு கணக்கைக் காட்டியது. நகரின் மொத்த வெளியேற்றத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கட்டடங்களால் வருவது. கொதிகலன்களில் எரியும் எண்ணெயும் எரிவாயுவும் மட்டுமின்றி, கட்டடங்களுக்கு மின்சாரம் தர மின்நிலையங்களில் எரிவதும் இதில் சேரும். மக்களில் பலர் சுரங்க ரயிலில் போய்வருவதால் வாகனங்களின் பங்கு அங்கே சிறிது.

இந்த நிலைக்கு நகரம் எப்படி வந்தது, அதைச் சட்டம் எப்படி எதிர்கொண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பெரிய கட்டடங்களைக் கட்டுப்படுத்த முனைந்த நியூயார்க், முதலில் அவற்றின் நிழலை அளந்தது. பிறகு சுவரை அளந்தது. மீட்டரைப் பார்க்க அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது.

வெளிச்சத்துக்காக ஒரு சட்டம்

1915இல் பிராட்வேயில் எழுந்த ஈக்விட்டபிள் கட்டடம், தன் மனை முழுவதையும் அடைத்துக்கொண்டு செங்குத்தாக நின்றது. அதன் நிழலில் அகப்பட்ட அக்கம்பக்கத்தாரின் கோபம், 1916ஆம் ஆண்டு மண்டலச் சட்டத்துக்கான தூண்டுதல்களில் ஒன்று. உயரம் கூடக்கூடக் கட்டடம் தெருவிலிருந்து பின்வாங்க வேண்டும் என்றது அச்சட்டம். அதன் நோக்கம் எரிசக்தி அல்ல. ஆயினும் அக்கால அலுவலகங்கள் பகல் வெளிச்சத்தை நம்பியிருந்தன. சன்னலிலிருந்து தள்ளிப்போகும் இடத்துக்கு வாடகை குறைந்தது. ஆகவே மெல்லிய உடலும் கனத்த சுவரும் திறக்கும் சன்னல்களும் கொண்ட கோபுரங்கள் எழுந்தன. 1931இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 6,514 சன்னல்கள் இருந்தன.

இந்த ஒழுங்கைக் கலைத்தவை ஒளிர்குழல் விளக்கும் குளிரூட்டியும். வில்லிஸ் கேரியர் 1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வடிவமைத்த அமைப்பு, போருக்குப் பிந்தைய அலுவலகங்களில் இன்றியமையாததாயிற்று. ஒளிர்குழல் விளக்கு 1930களின் கடைசியில் சந்தைக்கு வந்தது. இரண்டும் சேர்ந்தபின் சன்னலுக்கு வேலை இல்லாமல் போனது. கண்ணாடியோ அழகுக்காகப் பெருகியது.

ஐ.நா. தலைமைச் செயலகக் கட்டடத்தின் அகன்ற முகங்கள் கிழக்கும் மேற்கும் நோக்கியவை. காலை மாலை வெயில் நேரே அடிக்கும் அம்முகங்களுக்கு வெயில்தடுப்புகள் வேண்டும் என்று கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே வாதாடினார்; அவை வைக்கப்படவில்லை. வெப்பத்தைச் சமாளிக்கும் பொறுப்பு குளிரூட்டிக்குப் போனது. 1952இல் பார்க் அவென்யூவில் எழுந்த லீவர் ஹவுஸின் கண்ணாடிகள் திறக்கவே முடியாதவை. மீஸ் வான் டெர் ரோவின் வடிவமைப்பில் 1958இல் எழுந்த 38 மாடி சீக்ரம் கட்டடம் இந்தப் பாணியின் உச்சம். முன்னே திறந்த சதுக்கம், பின்னே கண்ணாடிக் கோபுரம் என்ற அதன் அமைப்பு நகர நிர்வாகத்தை மிகவும் கவர்ந்தது. சதுக்கம் விட்டுக் கட்டுவோருக்குக் கூடுதல் தளப்பரப்பைப் பரிசாகத் தந்தது 1961ஆம் ஆண்டு மண்டலச் சட்டம். கண்ணாடிக் கோபுரம் பரவியதற்குச் சந்தையை மட்டும் குறைசொல்ல முடியாது. சட்டமே அதற்கு ஊக்கத்தொகை கொடுத்தது.

காகிதத்தில் சிக்கனம்

1973இன் எண்ணெய் நெருக்கடிதான் கட்டடத்தின் எரிசக்தியைப் பேசுபொருளாக்கியது. 1975இல் அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே தன் முதல் எரிசக்தித் தரநிலையை வெளியிட்டது. சுவர் எவ்வளவு வெப்பத்தைக் கடத்தலாம், இயந்திரம் எவ்வளவு திறனுடன் இயங்க வேண்டும் என்பனவற்றை அது வரையறுத்தது. 1981இல் ஒரு நபருக்கான வெளிக்காற்றின் குறைந்தபட்ச அளவும் நிமிடத்துக்கு 5 கன அடியாகக் குறைக்கப்பட்டது. மூடிய கட்டடங்களில் தலைவலியும் மூச்சுத் திணறலும் புகார்களாக வந்தன. 1989இல் அலுவலகங்களுக்கு அந்த அளவு 20 கன அடியாக உயர்த்தப்பட்டது.

இத்தரநிலைகளைப் பயனற்றவை என ஒதுக்குவது நியாயமன்று. ஆனால் அவை வரைபடத்தைத்தான் சோதித்தன. கட்டி முடித்த கட்டடம் உண்மையில் எவ்வளவு எரிக்கிறது என்று எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மீட்டர் பேசத் தொடங்கியது

திருப்பம் 2009 டிசம்பரில் வந்தது. அப்போது நிறைவேறிய நான்கு சட்டங்களில் 84ஆம் எண் சட்டம், 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட தனியார் கட்டடங்கள் ஆண்டுதோறும் தம் எரிசக்தி, நீர்ப் பயன்பாட்டைத் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்தத் தகவலைப் பொதுவில் வைக்கவும் வழிசெய்தது. 2012இல் வெளிவந்த மதிப்பெண்கள் பலரைத் திகைக்க வைத்தன. ஒத்த கட்டடங்களோடு ஒப்பிட்டு 1 முதல் 100 வரை தரப்படும் ‘எனர்ஜி ஸ்டார்’ மதிப்பெண்ணில், 1930இல் கட்டிய கிரைஸ்லர் கட்டடம் 84 பெற்றது. எம்பயர் ஸ்டேட் 80. பசுமைச் சான்றிதழ் பெற்ற புதிய 7 உலக வர்த்தக மையத்துக்கு 74. லீவர் ஹவுஸுக்கு 20. சீக்ரம் கட்டடத்துக்கு வெறும் 3!

கனத்த சுவரும் குறைந்த கண்ணாடியும் பழைய கட்டடங்களுக்குக் கைகொடுத்தன. எம்பயர் ஸ்டேட்டுக்கு மறுசீரமைப்பும் உதவியது. 2009இல் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தில், 6,514 சன்னல்களையும் குப்பையில் போடாமல், கட்டடத்துக்குள்ளேயே பட்டறை அமைத்துக் கழற்றி, பழைய கண்ணாடிகளுக்கு இடையே மெல்லிய படலத்தையும் வாயுவையும் சேர்த்துத் திரும்பப் பொருத்தினார்கள். எரிசக்திப் பயன்பாட்டை 38 சதவீதம் குறைப்பது இலக்கு. சன்னலைச் சீராக்கியதால் புதிய பெருங்குளிரூட்டி வாங்கும் தேவையே எழவில்லை. என் பார்வையில் இத்திட்டத்தின் உண்மையான பாடம் இதுதான்: சுவரைத் திருத்திய பிறகே இயந்திரத்தைத் தொட வேண்டும்.

பேங்க் ஆஃப் அமெரிக்கா கோபுரம் வேறொரு சிக்கலைக் காட்டியது. பசுமைச் சான்றிதழில் மிக உயர்ந்த பிளாட்டினம் தரமும், 4.6 மெகாவாட் சொந்த மின் உற்பத்தியும் அதற்கு உண்டு. அப்படியிருந்தும் சதுர அடிக்கான அதன் எரிசக்திச் செலவு மிக அதிகம் என்பது 84ஆம் சட்டத் தகவல்களால் 2013இல் விவாதமானது. பங்கு வணிகத் தளங்களில் ஓயாமல் ஓடும் கணினிகளும் அவற்றைக் குளிர்விக்கும் தேவையுமே காரணம். சான்றிதழ் வடிவமைப்புக்குத் தரப்பட்டது. மின்சாரத்தை எரித்தவர்கள் குடியிருக்கும் நிறுவனத்தார்.

டன்னுக்கு 268 டாலர்

பத்தாண்டுத் தகவல் கையில் இருந்ததால்தான் 2019 ஏப்ரலில் நகர மன்றம் 97ஆம் எண் சட்டத்தை நிறைவேற்ற முடிந்தது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் வெளியேற்ற வரம்பு. மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். சட்டம் முதலில் நிர்ணயித்த அலுவலக வரம்பு ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்கு 8.46 கிலோ, 2030இல் அது 4.53 கிலோ. (விதிகள் பின்னர் கட்டட வகைப்படி திருத்தப்பட்டன.) பத்து லட்சம் சதுர அடி அலுவலகம் ஒன்று ஆண்டுக்கு 10,000 டன் வெளியிடுவதாகக் கொண்டால், முதற்கட்டத்தில் அபராதம் 4,12,720 டாலர். எதையும் குறைக்காவிட்டால் 2030இல் அது 14,65,960 டாலர். மான்ஹாட்டன் வாடகையோடு ஒப்பிட்டால் முதல் தொகை உறுத்தாது, இரண்டாவது உறுத்தும்.

ஒரு பலவீனத்தையும் சொல்ல வேண்டும். கட்டடத்தின் வெளியேற்றத்தை அதன் உரிமையாளர் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 289 கிராம் வெளியேற்றம் என்று முதற்கட்டத்துக்கும், 145 கிராம் என்று 2030க்கும் சட்டம் கணக்கிடுகிறது. அதாவது மின்கட்டமைப்பு தூய்மையாகிவிடும் என்று நம்புகிறது. இடையில், 2020-21இல் இந்தியன் பாயின்ட் அணுமின் நிலையம் மூடப்பட்டது. அந்த இடத்தைப் பெரும்பாலும் எரிவாயு நிரப்பியது.

97ஆம் சட்டத்தின் அபராதத் தொகையே உலகெங்கும் பேசப்படுகிறது. வரலாற்றைப் பார்த்தால் அதைவிட முக்கியமானது, அதிகம் பேசப்படாத 84ஆம் சட்டம். நியூயார்க்கைப் பின்பற்ற விரும்பும் நகரங்கள் தண்டத்தை நிர்ணயிப்பதற்கு முன், தம் பெரிய கட்டடங்களின் மீட்டர் கணக்கைப் பொதுமக்கள் முன் வைக்கட்டும்.