ரீல்ஸும் அலுவலக வாட்ஸ்அப் குழுவும்: ஓர் ஒப்பீடு

வேலை நேரத்தில் ஊழியர் கைபேசியைத் தொட்டால் மேலாளரின் சந்தேகம் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் மீது பாய்கிறது. அதே கைபேசியில் நாளெல்லாம் அதிரும் அலுவலக வாட்ஸ்அப் குழுவை யாரும் சந்தேகிப்பதில்லை. வேலைத்திறனைக் கெடுப்பதில் இரண்டில் எது முந்துகிறது?

முதலில் நேரம். ஐந்து நிமிடம் என்று ரீல்ஸைத் திறந்தவர் அரைமணி நேரத்தைத் தொலைப்பது கண்கூடு. குழுவிலோ நேரம் சில்லறையாகக் கரைகிறது. ஒரு வங்கிக் கிளையைப் பாருங்கள். கவுன்ட்டரில் வாடிக்கையாளர் நிற்கிறார். காசாளரின் கைபேசி அதிர்கிறது. 'இன்று எத்தனை காப்பீடு?' என்று மண்டல அலுவலகம் கேட்கிறது. கிளைக்குக் கிளை பதில், 'நோட்டட் சார்', கூப்பிய கைகள், காலை வணக்கப் படம். இத்தனையையும் தள்ளினால்தான் தேவையான ஒரு செய்தி கிடைக்கும்.

அடுத்தது கவனம். முடிக்காத வேலையை விட்டு வேறொன்றுக்குத் தாவினால் மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று 2009இல் ஆய்வாளர் சோஃபி லெராய் தம் ஆய்வில் காட்டினார். ரீல்ஸை மூடினால் யாரும் பதில் கேட்க மாட்டார்கள். மேலதிகாரியின் கேள்வி, பதில் சொல்லும்வரை உறுத்திக்கொண்டே இருக்கும். ஆய்வாளர் குளோரியா மார்க்கும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: இடையூறுக்கு ஆளானவர்கள் வேலையை விரைந்தே முடித்தார்கள், ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் கூடின. வேலை நடந்துவிடுவதால் இந்தச் சேதம் நிர்வாகத்தின் கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது ஓய்வு. ரீல்ஸ் பார்ப்பதும் விடுவதும் அவரவர் கையில். குழுவோ இரவு பத்து மணிக்கும் வீட்டுக்குள் நுழைகிறது. இதைத் தடுக்கவே பிரான்ஸ் 2017 முதல், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள், பணி நேரத்துக்குப் பின் அலுவலகத் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்து ஊழியர் தரப்புடன் பேச வேண்டும் என்று சட்டமாக்கியது. 2024இல் ஆஸ்திரேலியாவும் அந்த உரிமையை வழங்கியது. இந்தியாவில் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே 2018இல் இதே உரிமைக்காகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

புயல் நேரத்தில் மின்வாரிய ஊழியர்களை ஒருங்கிணைக்க வாட்ஸ்அப் குழு உதவும். அந்தப் பயன் ரீல்ஸுக்கு இல்லை. ஆனால் ரீல்ஸைக் கட்டுப்படுத்த ஊழியரால் முடியும், குழுவைக் கட்டுப்படுத்த நிர்வாகத்தால் மட்டுமே முடியும். ஆகவே கைபேசிக்குத் தடை போடும் முன், பணி நேரம் முடிந்தபின் குழுவில் செய்தி இல்லை, கவுன்ட்டரில் இருப்பவர் உடனே பதில் சொல்லத் தேவையில்லை என்ற இரண்டு விதிகளை நிர்வாகம் தனக்கே போட்டுக்கொள்ளட்டும்.