மெய்ட்லண்ட், ஜெஃப்ரி டக்ளஸ் (1924–2010)

ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர், அடிலெய்டில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் பணியாற்றித் திரும்பிய பின்னரே இத்துறைக்கு வந்தார். மூட்டுகளைக் கையால் அசைத்து வலி தணிக்கும் முறையை நான்கு நிலைகளாக வகுத்தார்: மூட்டின் அசைவு வீச்சின் தொடக்கத்தில் சிற்றசைவு, அவ்வீச்சின் எல்லையைத் தொடாத பேரசைவு, எல்லைவரை செல்லும் பேரசைவு, எல்லையிலேயே சிற்றசைவு. எதைச் செய்வது என்பதை நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும் என்பார். நுட்பத்தைவிட இதுவே இவரது பெரிய கொடை. 1961இல் மனைவி ஆனுடன் வெளிநாடுகளுக்குக் கல்விப் பயணம் சென்றார். முதுகெலும்புச் சிகிச்சை பற்றிய நூல் 1964இல் வெளியானது. அதன் படங்களை வரைந்தவர் ஆன். அவையின்றி அந்நூலைப் பயில்வது கடினம். இவர்களுக்கு இரு பிள்ளைகள்.