தளம் வேறு, உலோகம் வேறு: புரதங்களில் அயனிப் பிணைப்புக் கணிப்பு குறித்து

ஒரு புரதத்தில் உலோக அயனி எங்கே அமரும் என்பது ஒரு கேள்வி. அங்கே அமர்வது எந்த உலோகம் என்பது இன்னொன்று. கணினிவழிக் கணிப்பு முறைகள் பலவும் இரண்டுக்கும் ஒரே மூச்சில் விடை சொல்கின்றன. முதல் விடைக்குத் தரும் நம்பிக்கையை இரண்டாவதற்குத் தர முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். 1985இல் மில்லர், மெக்லாக்லன், குளுக் ஆகியோர் டி.எஃப்.3ஏ புரதத்தின் வரிசையில் ஏறத்தாழ 30 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு ஒன்பது முறை திரும்பி வருவதைக் கண்டனர். ஒவ்வொன்றிலும் இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடினும் இருந்ததால், ஒவ்வொரு துண்டும் ஓர் அயனியைச் சுற்றி மடிகிறது என்றனர். அமைப்பு தெரியும் முன்பே சொன்ன அந்த ஊகம் சரியாயிற்று. ஆனால் அந்த அயனி துத்தநாகம் என்பதை அவர்கள் வரிசையிலிருந்து பெறவில்லை. புரதத்தில் இருந்த உலோகத்தை அளந்தே அறிந்தார்கள். இந்த முறைமையைப் பின்வந்தவர்கள் பலர் கவனிக்கத் தவறியது வருத்தத்துக்குரியது.

சைனக்கோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சை நுண்ணுயிரியின் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளியில், மாங்கனீசைத் தாங்கும் எம்என்சிஏ, தாமிரத்தைத் தாங்கும் சியுசிஏ என்னும் புரதங்கள் உள்ளன. இரண்டுக்கும் ஒரே கியூப்பின் மடிப்பு. உலோகத்தைப் பற்றும் ஈனிகளும் ஒன்றே. நைஜல் ராபின்சன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, சோதனைக் குழாயில் மடியும்போது எம்என்சிஏ தாமிரத்தையே நாடுகிறது. மாங்கனீசு ஏற வேண்டுமானால் அது 10,000 மடங்கு மிகுதியாக இருக்க வேண்டும். உலோகங்களைப் பிணைப்பின் வலிமைப்படி அடுக்கும் இர்விங்–வில்லியம்ஸ் வரிசையை அறிந்தவர்களுக்கு இது எதிர்பார்த்ததே. அப்படியிருக்க, உயிரணுவுக்குள் மாங்கனீசு வெல்வது மடியும் இடத்தால்தான். தாமிரமும் துத்தநாகமும் எளிதில் கிடைக்காத சைட்டோபிளாசத்தில் எம்என்சிஏ மடிந்து, உலோகத்தை உள்ளே பூட்டிக்கொண்டு, மடிந்த நிலையிலேயே டாட் பாதை வழியே வெளியேறுகிறது. சியுசிஏ மடியாமலே செக் பாதையில் சென்று வெளியில் மடிகிறது. தளத்தின் வடிவத்தை எத்தனை நுணுக்கமாக ஆராய்ந்தாலும் இந்த விடை அங்கே கிடைக்காது.

பிணைப்புத் தொலைவும் ஈனிகளின் அமைவும் உலோகத்தைக் காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். ஓரளவு காட்டும். ஏறத்தாழ 2.4 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் ஏழு ஆக்சிஜன்கள் சூழ்ந்த இடத்தைக் கால்சியத்துக்கு உரியதெனக் கொள்வதில் பிழை நேர்வது அரிது. இடைநிலை உலோகங்களிலும் துத்தநாகத்திலும்தான் இந்த உரைகல் மழுங்குகிறது. ருப்ரெடாக்சினில் நான்கு சிஸ்டீன்கள் இரும்பைப் பற்றுகின்றன; அதே புரதத்தை எ.கோலையில் உற்பத்தி செய்தால் துத்தநாகம் ஏறிய வடிவமும் கூடவே கிடைக்கிறது. துத்தநாகத் தளங்களைக் கொண்டு பயிற்றுவித்த மெட்டல்3டி என்னும் கணிப்பு முறை இடைநிலை உலோகங்களின் தளங்களையும் கண்டுகொள்வது இதனால்தான். அதை அம்முறையின் சிறப்பாகவே கொள்ளலாம். உலோகத்தை அடையாளம் காணும் திறனாகக் கொள்ளக் கூடாது. 2024இல் வந்த ஆல்ஃபாஃபோல்ட் 3க்கும் எந்த அயனி என்பதைப் பயனரே சொல்ல வேண்டியிருக்கிறது.

தரவு பெருகினால் இக்குறை தீரும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆனால் புரதத் தரவு வங்கியில் பதிவாவது படிகத்தில் இருந்த உலோகம். உயிரணுவில் இருந்ததாக வேண்டுவதில்லை. ஹிஸ்டிடின் வால் சேர்த்த புரதத்தைத் தூய்மையாக்கும் நிக்கலும், படிகமாக்கும் கரைசலின் காட்மியமும் தளத்தில் ஏறிவிடலாம். மெக்னீசியம் அயனி, சோடியம் அயனி, நீர் மூலக்கூறு மூன்றுக்கும் 10 எலக்ட்ரான்களே. எக்ஸ் கதிர் வரைபடத்தில் ஒன்றை மற்றொன்றாகக் குறித்துவிடுவது எளிது. இப்படிப்பட்ட குறிப்புகள் இருமடங்கானால் பிழையும் இருமடங்காகும்.

ஆகவே தளத்தைக் கண்ட துல்லியத்தையும் உலோகத்தைப் பெயரிட்ட துல்லியத்தையும் தனித்தனியே மதிப்பிட்டு வெளியிட வேண்டும். எம்என்சிஏவின் விடை அதன் வரிசையிலேயே, தளத்துக்கு வெகு தொலைவில், வெளியேறும் பாதையைக் குறிக்கும் முனையிலுள்ள சமிக்ஞைப் பெப்டைடில் இருக்கிறது. புரதம் மடியும் இடத்தையும் அங்கே கிடைக்கும் உலோகங்களையும் உள்ளீடாகக் கொள்ளும் கணிப்பு முறைகள் நம்மால் இயலாதவை அல்ல. அவற்றைச் சோதிக்க, உயிரணுவிலிருந்து நேரடியாகப் பிரித்த புரதங்களின் உலோக அளவீடுகள் தேவை. பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் நுண்ணுயிரியில் 2010இல் அவ்வாறு அளந்தபோது கிடைத்த 343 உலோக உச்சங்களில் 158 எந்தக் கணிப்புக்கும் பொருந்தவில்லை.