கொச்சியிலிருந்து கெய்ரோவுக்குச் சென்ற ஒரு கேள்வி

யூதச் சமயச் சட்டமான ஹலாகா பெரிதும் வினா விடை வழியே வளர்ந்தது. அன்றாட வாழ்வில் தீராத சிக்கல் எழும்போது மக்கள் தொலைவிலுள்ள ரபிக்குக் கடிதம் எழுதுவர். அவர் மூலநூல்களை ஆராய்ந்து அனுப்பும் விடை, பின்வரும் வழக்குகளுக்கு முன்னுதாரணமாகும். 16ஆம் நூற்றாண்டில் அத்தகைய கடிதம் ஒன்று கொச்சியிலிருந்து கெய்ரோவுக்குச் சென்றது. அதைப் பெற்றவர், ஸ்பெயினிலிருந்து 1492இல் வெளியேற்றப்பட்ட தலைமுறையைச் சேர்ந்த ரபி தாவீது இப்னு ஸிம்ரா.

கடிதத்தின்படி கொச்சியில் ஏறத்தாழ 900 யூதக் குடும்பங்கள் இருந்தன. அவற்றுள் 100 குடும்பத்தார் தங்களை வம்சத் தூய்மை உடையவர்கள் என்றனர். செல்வமும் ஈகையும் உடைய மற்றவர்களை அவர்கள் அடிமை வழியினர் என்று இகழ்ந்து மணவுறவை மறுத்தனர். இம்மறுப்பு சட்டத்துக்கு உடன்பாடானதா என்பதே கேள்வி.

ஹலாகாவின்படி அடிமைப் பெண்ணின் பிள்ளை தாயின் நிலையையே அடையும். முறையான விடுதலை இன்றி யூதருடன் மணம் கூடாது. தலைமுறைகள் கடந்தபின் அந்த விடுதலைக்குச் சான்று கேட்டால் எவரிடம் இருக்கும்? ஐயத்துக்குரியோர் மூவர் கொண்ட சமய நீதிக்குழு முன்னிலையில் சடங்கு நீராட்டு மேற்கொண்டால் போதும்; அதன்பின் அவர்கள் மணவுறவுக்கு முழு உரிமை உடையவர்கள் என்று இப்னு ஸிம்ரா தீர்ப்பளித்தார். பிறரை அடிமை என்று அழைப்பவரை விலக்கிவைக்க வேண்டும் என்பது தால்முதிலேயே உள்ள விதி.

விடை தெளிவாக வந்தும் வழக்கம் மாறவில்லை. 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெபக்கூடத்துக்குள்ளும் அதே பிரிவினை வேரூன்றியது. அங்கே விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினர் ‘மெஷுக்ராரிம்’ எனப்பட்டனர். ‘விடுவிக்கப்பட்டோர்’ என்பது அச்சொல்லின் பொருள். விடுதலையைக் குறித்த சொல்லே அவர்களது பழைய அடிமைத்தனத்தைத் தலைமுறைதோறும் நினைவூட்டியது. ‘பரதேசி’ என்ற சொல்லின் போக்கும் கவனிக்கத்தக்கது. தமிழில் இரந்துண்பவரைக் குறிக்கும் வசையாகத் தாழ்ந்த அச்சொல், கொச்சி யூதரிடையே உயர்குடிப் பெயராயிற்று. மெஷுக்ராரிமுக்கு ஜெபக்கூடத்தின் இருக்கைகளும், தோரா வாசிக்க அழைக்கப்படும் உரிமையும், மணவுறவும் மறுக்கப்பட்டன. ஜெருசலேத்தின் தலைமை ரபி பானிகெல் 1882இல் இப்னு ஸிம்ராவின் வழியிலேயே விடை எழுதினார். அதுவும் நடைமுறைக்கு வரவில்லை.

அதே 1882இல் மெஷுக்ராரிம் குடும்பம் ஒன்றில் ஆபிரகாம் பராக் சேலம் பிறந்தார். வழக்கறிஞரும் கொச்சி சட்டசபை உறுப்பினருமான அவர் காந்தியின் சத்தியாகிரக முறையைத் தம் ஜெபக்கூடத்துக்குள்ளேயே கையாண்டார். சட்டம் தம் பக்கம் என்பதை அவர் அறிவார். அச்சட்டத்தை வாசிக்கத் தெரிந்தவர்களே அதற்குச் செவிசாய்க்க மறுத்தபோது, வாதத்தைவிட அமர்ந்து மறியல் செய்யும் உடல் வலிமையான சான்றாயிற்று. தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

இறுதியில் தளர்ந்தது மணத்தடை. சேலத்தின் மகன் 1950இல் பரதேசிக் குடும்பப் பெண் ஒருவரை மணந்தார். திருமணம் கொச்சியில் அன்று, பம்பாயில் நடந்தது. கெய்ரோவில் சில பக்கங்களில் தீர்ந்துவிட்ட கேள்வி, கொச்சியில் ஒரு மணமேடையை அடைய ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாயின. அடுத்த சில ஆண்டுகளில் கேரள யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர்.